இறங்காத இடது சக்கரம்

அக்காவுக்கு ஒருவர் மேல் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். சத்தம் போடுகிறவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். "கத்தினா கோவம் கரைஞ்சி பூடும் பாப்பா. அத்த பத்திரமா வெச்சிக்கணும்" என்பார். மாங்காய் ஊறுகாய்க்குப் பக்குவம் சொல்கிற அதே குரலில்தான் இதையும் சொல்வார்.

ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் அவர் வீட்டு மாடியில் நாங்கள் ஆறு வருஷம் குடியிருந்தோம். நான் கோவில்பட்டிக்காரி. அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில், அடுத்தவர் செய்து வைத்ததில் ஓட்டை கண்டுபிடிப்பது என் வேலை. கீழ்வீட்டில் அக்காவும் அவர் கணவரும் மட்டும். மகளைக் கட்டிக்கொடுத்து ஓசூர் அனுப்பியாயிற்று. அவரை அக்கா என்றும் கணவரை அண்ணன் என்றும் கூப்பிட்டேன். முறை பார்த்தால் அபத்தம், ஆனால் வாயில் அப்படித்தான் வந்தது.

நாங்கள் குடிவந்த புதிதில் பால்காரர் ஒருநாள் பாலில் தண்ணீர் விட்டுவிட்டு, விடவே இல்லை என்று பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். வேறு யாராக இருந்தாலும் பால்காரரை மாற்றியிருப்பார்கள். அக்கா மாற்றவில்லை. பாலில் தண்ணீரைக் காட்டிக்கொடுக்கும் கண்ணாடிக் குழல் ஒன்றை வாங்கிவந்து, தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே, தெருவே பார்க்க, அவர் எதிரிலேயே பாலில் மிதக்கவிட்டுப் பார்ப்பார். ஒன்றும் பேச மாட்டார். பார்த்துவிட்டுத் தலையாட்டி அனுப்பிவிடுவார். இரண்டு வருஷம் இது நடந்தது. கடைசியில் அந்த மனிதரே கையெடுத்துக் கும்பிட்டு, "யம்மா, வேற ஆளாண்ட வாங்கிக்கோம்மா" என்றார். "இன்னாத்துக்கு? நீதான் ஊத்தணும்" என்று சொல்லிவிட்டார் அக்கா.

பக்கத்து வீட்டம்மா ஒருமுறை அக்கா ஊரில் இல்லாதபோது அக்கா வீட்டு முருங்கைமரத்தின் கிளைகளை வெட்டிப்போட்டுவிட்டார். அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. மரம் தழைத்துக் காய்க்கத் தொடங்கியதும், வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த வீட்டுக்கு ஒரு கிண்ணம் முருங்கைக்காய் சாம்பார் போக ஆரம்பித்தது. மூன்றாவது மாதம் அந்த அம்மா என்னிடம் வந்து அழுதார். அதில் ஏதாவது கலக்கிறாளா என்று கேட்டார். அதெல்லாம் ஒன்றுமில்லை, அது நல்ல சாம்பார். நானும் அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இவையெல்லாம் சில்லறை வியாபாரம். அக்காவின் மொத்த வியாபாரம் ஒரே ஒரு ஆளோடுதான்.

அண்ணன் விமானப்படையில் ஃபிட்டராக இருந்தவர். வடக்கே ஏதோ ஒரு தளத்தில், போர் விமானங்களின் சக்கரங்களைப் பராமரிக்கும் பிரிவில் வேலை. அங்கே ஒருநாள் பறந்துவிட்டுத் திரும்பிய ஜெட் ஒன்றுக்கு இடது சக்கரம் வெளியே வரவில்லை. மூக்குச் சக்கரம் வந்துவிட்டது, வலது சக்கரம் வந்துவிட்டது, இடது மட்டும் வயிற்றுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. குடியிருப்பின் மொட்டைமாடியில் துணி காயவைத்துக்கொண்டிருந்த அக்கா அதைத் தன் கண்ணால் பார்த்தார். விமானி எரிபொருளைத் தீர்ப்பதற்காக முக்கால் மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தார். விமானத்தை உதறிப் பார்த்தார், குத்திட்டு இறக்கி மேலே இழுத்துப் பார்த்தார். சக்கரம் அசையவில்லை. கடைசியில் மற்ற இரண்டையும் உள்ளே இழுத்துக்கொண்டு வயிற்றால் தரையிறங்கினார்.

"தீபாவளி மத்தாப்பு கணக்கா நெருப்பு பறக்குது பாப்பா. நான் ஈரத்துணிய கடிச்சிக்கினு நிக்கிறேன். ஆளு பொழச்சிக்கினான். ஆனா முதுகெலும்பு பூடிச்சி, அதுக்கப்பறம் பறக்கவே இல்ல."

விமானி பிழைத்ததும் விசாரணை வந்தது. சக்கரத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கும் கொக்கி தேய்ந்து போயிருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு சோதனை உண்டு. விமானத்தை ஜாக்கிகளில் தூக்கி நிறுத்தி, ஹைட்ராலிக் டிராலி என்கிற வண்டியிலிருந்து அழுத்தம் கொடுத்து, சக்கரங்களைப் பலமுறை உள்ளே இழுத்து வெளியே விட்டுப் பார்ப்பார்கள். செய்து முடித்ததற்கு ஃபிட்டர் கையெழுத்துப் போட வேண்டும். அதை நேரில் பார்த்ததற்கு அதிகாரி அதற்குக் கீழே போட வேண்டும். புத்தகத்தில் இரண்டு கையெழுத்தும் இருந்தன. சோதனை தன் கண்முன் ஒழுங்காக நடந்தது, கொக்கியைச் சரியாகப் பார்க்காமல் விட்டது ஃபிட்டரின் அலட்சியம் என்று அதிகாரி சாட்சி சொன்னார். அண்ணனை வேலைக்காலம் முடியும் முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதிகாரி மேலும் இரண்டு படி ஏறி, மாலை மரியாதையோடு ஓய்வுபெற்றார்.

"டெஸ்டே நடக்கல பாப்பா. எங்க ஊட்டுக்காரு அந்தப் பக்கத்துல கையெழுத்தே போடல. அந்தாளு வேற எவனையோ வெச்சி போட்டுக்கினான். இவரே எங்கிட்ட சொன்னாரு. இவருக்கு எதுத்துப் பேசத் தெரியாது, எனுக்குத் தெரியும்."

பத்தாவது வரை படித்த அக்கா இருபது சொச்சம் வருஷமாக அந்த ஒரு கொக்கியைப் படித்திருக்கிறார். பீரோக் கதவின் தாழ்ப்பாளை வைத்து அது எப்படிப் பிடிக்கும், தேய்ந்தால் எப்படிச் சிக்கும் என்று எனக்குச் செய்துகாட்டுவார். விமானிக்கு முன்னால் மூன்று பச்சை விளக்கு எரிந்தால்தான் மூன்று சக்கரமும் பூட்டிக்கொண்டதாக அர்த்தம் என்பார். ஆவடியிலிருந்து ரயிலில் அலுவலகம் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று போன் செய்தால், "மூணு பச்சையும் எரிஞ்சிச்சா?" என்று கேட்கிற அளவுக்கு அது அவர் பேச்சில் ஊறியிருந்தது.

உலகத்தில் எங்கே ஒரு ஜெட் சக்கரம் இல்லாமல் தரையிறங்கினாலும் அந்த வீடியோ அக்காவின் போனுக்கு வந்துவிடும். உடனே என்னைக் கீழே கூப்பிடுவார். முதல் கேள்வி, ஓட்டினவன் பிழைத்தானா என்பது. பிழைத்தான் என்று தெரிந்தபின் இரண்டாவது கேள்வி, "எவன் கையெழுத்து போட்டான்?" வீடியோவில் அதெல்லாம் எங்கே சொல்வார்கள்? ஆனாலும் கேட்பார். அந்த நேரங்களில் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போய்விடுவார். பாவம், சாது என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல், இப்படி ஒரு சாதுவை மிதித்துவிட்டு மேலே ஏறிய அந்த அதிகாரியை, முகம் தெரியாமலே நானும் வெறுக்க ஆரம்பித்தேன். வெறுப்பு தொற்றிக்கொள்ளும். எனக்கு அதில் வெட்கமும் இல்லை.

அந்த அதிகாரி ஓய்வுக்குப்பின் பூந்தமல்லி பக்கம் ஒரு அடுக்குமாடியில் குடியேறி, தன் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்திருந்தார். வெளியீட்டு விழா ஆவடியில். அந்த ஜெட்டை வயிற்றால் இறக்கிய விமானியேதான் சிறப்பு விருந்தினர். தன்னிடம் வேலை பார்த்த பழைய ஊழியர்கள் எல்லோருக்கும் அதிகாரி அன்பளிப்பாகப் புத்தகத்தை முன்கூட்டியே அனுப்பியிருந்தார். அண்ணன் பெயருக்கும் ஒன்று கூரியரில் வந்தது. முதல் பக்கத்தில் பேனாவால், 'பழசை மறப்போம்' என்று எழுதியிருந்தது.

அக்கா அந்த வரியை எழுத்துக் கூட்டுவதுபோல் மெதுவாகப் படித்தார். பிறகு புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "முழுசும் இங்கிலீசு. நீ படிச்சிச் சொல்லு."

சாயங்காலங்களில் நான் படித்து அர்த்தம் சொல்வேன், அவர் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பார். அந்த மனிதரின் தற்பெருமைக்கு அளவே இல்லை. தரையிறங்கிய கதைக்கு ஒரு முழு அத்தியாயம். அதில் அண்ணனுக்கு ஒரே ஒரு வரி: அந்த ஏழை ஃபிட்டருக்குத் தண்டனையைக் குறைக்கச் சொல்லி நான்தான் பரிந்துரைத்தேன். அக்கா முருங்கைக்கீரைக் காம்பை ஒடித்துப் போட்டுவிட்டு, "உம், மேல படி" என்றார்.

நாலைந்து நாள் கழித்து, நாங்கள் தாண்டிவந்துவிட்ட ஒரு பழைய அத்தியாயத்துக்குத் திரும்பிப் போகச் சொன்னார். எந்தக் கஷ்டத்திலும் ஒரு விமானத்தைக்கூடத் தரையில் நிறுத்திவைத்ததில்லை என்று அதிகாரி பீற்றிக்கொள்ளும் அத்தியாயம் அது. அன்றைக்கு நான் அசட்டையாகப் படித்துவிட்டுப் போன ஒரு பத்தி அக்காவின் மனதில் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. விமானம் வயிற்றால் இறங்கிய அந்த வருஷம் ஹோலி வாரம் முழுக்க எங்கள் ஒரே ஹைட்ராலிக் டிராலியும் பழுதாகிப் பணிமனைக்குப் போயிருந்தது, ஆனாலும் நான் பறப்பதை நிறுத்தவில்லை என்று எழுதியிருந்தார்.

"இரு. எந்த வாரம்ன்ற?"

"ஹோலி வாரம்க்கா."

"அந்த டெஸ்டு கையெழுத்து ஹோலிக்கு மொத நாளு போட்டது. விசாரணைல படிச்சாங்க." கீரைத் தட்டை நகர்த்தி வைத்தார். "டிராலி இல்லாம ஜாக்கில தூக்கி வெச்சி சக்கரத்த எப்டி ஆட்டுவான்? வாயால ஊதுவானா?"

ஓட்டை கண்டுபிடிப்பது என் தொழில் என்று சொன்னேன் அல்லவா, இந்த ஓட்டை என் கண்ணில் படவே இல்லை. தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்ளும் அவசரத்தில், நடக்காத சோதனைக்குத் தான் சாட்சி சொன்னதை அந்த மனிதர் தானே அச்சடித்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான்.

அன்றே விமானப்படைத் தலைமைக்கு ஒரு மனு எழுதத் தொடங்கினோம். அக்கா சொல்லச் சொல்ல நான் லேப்டாப்பில் அடித்தேன். பக்க எண்ணோடு எல்லாம் சேர்த்தாயிற்று. விஷயம் தெரிந்ததும் அண்ணன், "வேணாம், வுட்டுடு. ஆனது ஆச்சி" என்றார். முகம் வெளுத்திருந்தது. அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ சும்மா இரு. ஒம் பேர நான் கழுவித் தரேன்" என்றார். விழா முடிந்த பிறகுதான் மனுவை அனுப்புவது என்று ஏற்பாடு. ஏன் என்று கேட்டதற்கு, அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றார்.

விழா ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையை அக்கா கட்டிக்கொண்டார். அண்ணன் வர மாட்டேன் என்றவர், பிறகு எங்கள் ஆட்டோவின் பின்னாலேயே டிவிஎஸ்ஸில் வந்தார். மண்டபத்துக்குள் வரவில்லை, வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். உள்ளே பொன்னாடை, பூங்கொத்து, நல்ல காபி. மேடையில் விமானி கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் அதிகாரியிடம் கையெழுத்து வாங்க எல்லோரும் வரிசையில் நின்றார்கள். நாங்களும் நின்றோம். எங்கள் முறை வந்தது.

"வணக்கம் சார். அந்த ஹோலி வாரம் எழுதிக்கிறீங்களே, அது சோக்கா கீது. அந்தப் பக்கத்துலயே ஒரு கையெழுத்து போடுங்க" என்று அக்கா புத்தகத்தை விரித்துக் கொடுத்தார்.

அதிகாரிக்கு வாயெல்லாம் பல். யார், எவர் என்று கேட்கவில்லை. பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கவும் இல்லை. தேதியோடு போட்டுக் கொடுத்தார்.

அக்கா இரண்டடி தள்ளி விமானியிடம் போனார். "ஐயா, நீங்க வயித்துல எறக்கினீங்களே ஒரு வண்டி, அதோட ஃபிட்டரு சம்சாரம் நான். அவரு போடாத கையெழுத்துக்கு அவர ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க. இந்தப் பக்கத்தப் படிங்க. ஹோலிக்கு மொத நாளு டெஸ்டு நடந்திச்சின்னு ஒரு சார் சாட்சி சொன்னாரே, அந்த வாரம் டிராலியே இல்லியாம். அவரே எழுதிக்கிறாரு."

விமானி கோவைக்காரர். நிதானமாகப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு மேஜைப் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் கேட்டார்: "டிராலி இல்லாம எப்படிங்க டெஸ்ட் நடந்துச்சு? உங்க கண்ணு முன்னாடி நடந்ததா சொன்னீங்களே?"

வரிசை அப்படியே நின்றுவிட்டது. அதிகாரி புத்தகத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். யாரென்று அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். "அது... வேற வாரமா இருக்கும். பிரிண்டிங் மிஸ்டேக்" என்றார்.

"ஹோலின்னு நீயே எழுதிக்கிற. இப்ப கையெழுத்தும் போட்டுக்கிற" என்றார் அக்கா. சத்தமே இல்லை. பால்காரரிடம் தலையாட்டுவதுபோல ஒரு தலையாட்டல்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு விசில் அடிக்க வேண்டும்போல இருந்தது. அந்த மனிதரின் மூக்குநுனி வியர்த்ததை நான் ஆசைதீரப் பார்த்தேன். அவர் மனைவி பக்கத்தில் நின்று தலைகுனிந்ததையும் பார்த்தேன், இரக்கம் வரவில்லை.

"அவர் வந்திருக்காரா?" என்று கேட்டார் விமானி. பொன்னாடையை நாற்காலியில் வைத்துவிட்டு, கைத்தடியை ஊன்றி அவரே வெளியே வந்தார். மரத்தடியில் நின்ற அண்ணன் அவரைப் பார்த்ததும் விறைத்து நின்றார்.

"இத்தனை வருஷமா முதுகு வலிக்கும்போதெல்லாம் உங்களைத்தான் திட்டியிருக்கேன். அந்தக் கையெழுத்தே உங்களது இல்லைன்னு இப்பத்தான் தெரியுதுங்க. மன்னிச்சுக்கங்க" என்று கையை நீட்டினார்.

அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்போ பின்போ நான் பார்த்ததில்லை. எண்ணி மூன்று மூச்சு விடும் நேரம் அது இருந்திருக்கும்.

"என் கையெழுத்துதான் சார்" என்றார் அண்ணன்.

அவரே மேலே சொன்னார். "டிராலி இல்லன்னு எனக்குத் தெரியும் சார். நாளைக்கு ஹோலி, போட்டுட்டுப் போ, டிராலி வந்ததும் செஞ்சிக்கலாம்னு ஆபீசரு சொன்னாரு. நான் போட்டேன். அதுக்குக் கீழ அவரு போட்டாரு. டிராலி வரல. வண்டி பறந்துடிச்சி. ஊட்டுல மட்டும் நான் போடலன்னு சொல்லிட்டேன். இவ மூஞ்சப் பாத்து சொல்ல முடியல."

"அப்படியா" என்று மட்டும் சொன்னார் விமானி. நீட்டியிருந்த கையை எடுத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டார்.

ஆட்டோவில் திரும்பினோம். எனக்கோ ஆத்திரம் பொங்கியது, அண்ணன் மேல். ஜெயித்த ஆட்டத்தைக் கடைசி நொடியில் கவிழ்த்துவிட்டாரே என்றுதான் முதலில் தோன்றியது. வீடு வரும்போது அது வேறு ஆத்திரமாக மாறியிருந்தது. அக்கா தாழ்ப்பாளை ஆட்டி ஆட்டிக் கொக்கியைப் படித்த அத்தனை வருஷமும், "எவன் கையெழுத்து போட்டான்" என்று கேட்ட அத்தனை தடவையும், பதிலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு நடைபோட்டிருக்கிறார் இந்தச் சாது.

மதியம் மூன்று மணிக்கு அக்கா மாடிக்கு வந்தார். புடவை மாற்றவில்லை. சாப்பிட்டிருக்கவும் மாட்டார். "அந்த மனுவத் தொற பாப்பா" என்றார்.

திறந்தேன்.

"எங்க ஊட்டுக்காரு கையெழுத்து போடலன்னு எழுதினோமே, அத்த எடுத்துடு. நடக்காத டெஸ்டுக்குக் கையெழுத்து போட்டது ரெண்டு பேருன்னு எழுது. ரெண்டு பேரு பேரையும் போடு."

"அக்கா, ஒண்ணு அண்ணன் பேரு."

"தெரியும். எழுது."

"இப்படி எழுதினா அந்தாளு தப்பிச்சிருவான்க்கா. எல்லாத்தையும் அண்ணன் தலையிலயே கட்டிருவான்."

"எப்டி தப்புவான்? நேத்து வரிக்கும் எங்கையில ஒரு புஸ்தகந்தான் இருந்திச்சி. அச்சுல தப்பு, மறதின்னு அவன் கத வுடுவான். இப்ப கூட இருந்து போட்டவன் சாட்சி கீது. ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்க வெச்சிக் கேக்கட்டும்." குரலில் சூடே இல்லை. "ஒருத்தன் எங்க சோத்துல மண்ணப் போட்டான். இன்னொருத்தன் எங்கூட உக்காந்து அந்த சோத்தத் துன்னான்."

படியில் காலடிச் சத்தம் கேட்டது. அந்த ஆறு வருஷத்தில் அண்ணன் மாடி ஏறி வந்தது அந்த ஒரே தடவைதான். வாசலிலேயே நின்றார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் கேட்காமல், பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல், அவர் தன் முழுப்பெயரையும் படையில் இருந்தபோது தனக்கிருந்த எண்ணையும் சொன்னார். ஒருமுறை சொல்லிவிட்டு, நான் அடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, மறுபடியும் சொன்னார். ஓர் எண்கூடத் தடுமாறவில்லை.

அதிகாரியின் பெயர் ஏற்கெனவே இருந்தது. அதற்குக் கீழே அண்ணன் பெயரை அடித்தேன். அக்கா திரையைக் குனிந்து பார்த்தார். பிறகு, காலையிலிருந்து முதல் தடவையாக, கணவரை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு மொதல்ல போட்டது?"

"நான்தான்" என்றார் அண்ணன்.

"பாப்பா, இவரு பேர மேல போடு" என்றார் அக்கா.